விபூதிப் பையில் இருந்த மாத்திரை

மகேஸ்வரிக்கும் சங்கருக்கும் அப்பா எழுதுவது. இதை இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படிக்க வேண்டாம். மகேஸ்வரி முதலில் படிக்கட்டும். இதில் பாதி அவளுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில். அதைச் சொல்ல எனக்கு ஏழெட்டு வருஷம் ஆகிவிட்டது.

போன மாதம் மகேஸ்வரி ஆசிரியர் பயிற்சி விடுதியிலிருந்து லீவுக்கு வந்தபோது தோழி ஒருத்தியையும் அழைத்து வந்திருந்தாள். நான் உள்ளறையில் படுத்திருந்தேன். மகேஸ்வரி, நீங்கள் இரண்டு பேரும் கூடத்தில் பேசியது காதில் விழுந்தது. "எங்க அப்பா சாமிக்காகப் பட்டினி கெடந்தே வயித்தைப் புண்ணாக்கிக்கினவரு. ஏழு வருஷம் ஒரு பௌர்ணமி விடல, தெரியுமா?" என்றாய். அந்தப் பெண் "பெரிய பக்திமான்தான்டி ஒங்க அப்பா" என்றாள். போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். நான் தூங்குவதாக நினைத்து நீ மின்விசிறியைக் குறைத்துவிட்டுப் போனாய்.

நீ சொன்னது உண்மைக்கு மாறானது. அம்மாவும் ஏழுமலை மாமாவும் இன்றுவரை உங்களிடம் எதையும் சொல்லவில்லை. அது அவர்களுடைய பெருந்தன்மை. அதிலேயே நான் ஒளிந்துகொண்டிருக்க முடியாது.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். பத்தாவது வரைக்கும் படித்தவன். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் வாசலுக்கு எதிரே மேசை போட்டு உட்கார்ந்து பட்டா, ஓய்வூதியம், ரேஷன் கார்டு என்று ஜனங்களுக்கு மனு எழுதிக் கொடுப்பவன். வருகிறவர்களிடம் முதலில் ஒன்று சொல்வேன். "நடந்ததை நடந்தபடி சொல்லு. நீ எதை மறைக்கிறயோ அதைத்தான் அவங்க முதல்ல கேப்பாங்க." ஊருக்கெல்லாம் அப்படிச் சொன்னவன்தான், தன் உயிர் போகிற இடத்தில் கேட்ட முதல் கேள்விக்கே பொய் சொன்னேன்.

அது நடந்தபோது மகேஸ்வரிக்குப் பன்னிரண்டு வயது, சங்கருக்கு எட்டு. அதற்கு ஏழு வருஷம் முன்னால், பௌர்ணமிதோறும் மலை சுற்றுவதை நான் பக்தியில்தான் ஆரம்பித்தேன். முதல் மூன்று நான்கு வருஷம் உண்மையாகவே நடந்தேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. சாயங்காலம் கிளம்பிச் சுற்றி முடித்து, கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்ட பிறகுதான் சாப்பாடு. ஆபீஸ் ஆட்கள் நாலு பேர் கூட வந்தார்கள். அப்புறம் பத்து, அப்புறம் இருபது. எனக்கு 'பௌர்ணமி ஐயா' என்று பேர் வந்தது. மனு எழுத வருகிறவர்கள்கூட என் கையால் விபூதி வாங்கிக்கொண்டு போனார்கள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. பிடித்திருந்தது.

அதற்குள் முட்டி தேய ஆரம்பித்துவிட்டது. நாள் முழுக்க மேசைக்கு அடியில் காலை மடக்கி உட்காருகிற தொழில். எழுந்தால் முட்டிக்குள் மணல் அரைபடுகிற மாதிரி இருக்கும். ஒரு பௌர்ணமிக்கு முன்னால் மருந்துக் கடையில் போய்க் கால் வலிக்கு ஏதாவது கொடுங்கள் என்றேன். ஒரு சிவப்பு மாத்திரை கொடுத்தார். அன்றைக்கு நான் நடந்த நடை எனக்கே புதுசாக இருந்தது. அடுத்த மாதம் வேறொரு கடையில் கேட்டேன், அவர் ஒரு வெள்ளை மாத்திரை கொடுத்தார். சிவப்பு முட்டிக்கு, வெள்ளை இடுப்புக்கு என்று நானே முடிவு பண்ணி இரண்டையும் சேர்த்துப் போட்டேன். கடைக்காரர்கள் பேரில் குற்றம் சொல்லவில்லை. எத்தனை நாளாகப் போடுகிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். கேட்ட கடைக்கு நான் மறுபடி போகவில்லை.

மாதத்தில் ஒரு நாள் போட்டது வாரத்தில் ஒரு நாள் ஆனது, கடைசி வருஷம் தினமும் ஆனது. பௌர்ணமி அன்றும் வெறும் வயிற்றில்தான். மாத்திரை சாப்பாட்டுக் கணக்கில் வராது என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்.

மறைத்து வைத்த இடத்தைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. இடுப்பில் கட்டிக்கொள்ளும் காவிச் சுருக்குப் பையில், விபூதிக்குள் புதைத்து வைத்தேன். மலை சுற்றும்போது விபூதியை நெற்றியில் இட்டுக்கொண்டு, ஒரு சிட்டிகையை நாக்கில் போட்டுக்கொள்வது வழக்கம்தானே. நானும் பைக்குள் இரண்டு விரலை விட்டு, சிட்டிகையோடு மாத்திரையையும் எடுத்து வாயில் போட்டுக்கொள்வேன். பின்னால் வருகிறவர்கள் என்னைப் பார்த்துத் தாங்களும் ஒரு சிட்டிகை போட்டுக்கொள்வார்கள். "ஐயா, ஒங்களுக்குக் கால் வலியே வராதா?" என்று கேட்பார்கள். "அவன் பேரைச் சொல்லிக்கினே நட, வலி தெரியாது" என்பேன்.

உங்கள் மாமா ஏழுமலை, அம்மாவின் தம்பி, ஒரு தடவை எங்களோடு வந்தான். சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவன். வெறுங்காலில் நடந்து பாதம் கொப்பளித்து, அடி அண்ணாமலை வந்ததும் குறுக்குத் தெருவில் நின்ற ஆட்டோவில் ஏறிவிட்டான். "மாமா, என்னால ஆவல, நீங்க வாங்க" என்றான். இருபது பேர் முன்னால் நான் சொன்னேன்: "மனசுல வலி இருக்கறவனுக்குத்தான்டா கால்ல வலி வரும். ஏறு, ஏறு, சாமி உன்னை வண்டியிலேயே பாக்கட்டும்." எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஊரில் அவனுக்கு 'ஆட்டோ ஏழுமலை' என்று பேர் நின்றுவிட்டது. அப்போது என் பைக்குள் இரண்டு மாத்திரை இருந்தது. எனக்குள்ளே இரண்டு இருந்தது.

மகேஸ்வரி, நீ ஒரு நாள் பார்த்துவிட்டாய். தலை பின்னிக்கொண்டே, "அப்பா, அது இன்னா செவப்பா?" என்றாய். "சாமி மருந்தும்மா. கால் வலிக்காம இருக்க ஒரு சாமியார் குடுத்தது. யார்கிட்டயும் சொல்லக்கூடாது" என்றேன். நீ யாரிடமும் சொல்லவில்லை.

உடம்பு எனக்கு முன்கூட்டியே சொல்லிப் பார்த்தது. நெஞ்சுக்குழிக்குக் கீழே எரிச்சல் வந்தது. கேஸ் என்று நினைத்து சோடா குடித்தேன். வெளிக்குப் போனால் தார் மாதிரி கறுப்பாக, பிசுபிசுவென்று, ஒரு மாதிரி நாற்றத்தோடு போனது. கேழ்வரகுக் களி தின்றதால் என்று நினைத்தேன். பிறகு தெரிந்தது, அது வயிற்றுக்குள் கசிந்த ரத்தம். செரிமானம் ஆகி வெளியே வரும்போது கறுத்துவிடுகிறது. சிவப்பாக வந்தால்தான் ரத்தம் என்று நான் நினைத்திருந்தேன். ஆபீஸ் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. உள்ளங்கை வெளுத்துப்போனது. வயசு ஆகிறது என்று விட்டுவிட்டேன். அப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயது.

அந்த ஐப்பசிப் பௌர்ணமி அன்று நாலு மணிக்குக் கிளம்பினோம். ரமணாசிரமம் தாண்டும்போதே கண் இருண்டது. அடி அண்ணாமலை போய்ச் சேரும்போது நிலா மேலே வந்திருந்தது. ஒரு கரும்புச்சாறு வண்டிக்குப் பக்கத்தில் குனிந்தேன். காபித்தூளைக் கரைத்து ஊற்றின மாதிரி வந்தது. பிறகு கட்டியாக ரத்தம். கூட்டத்தில் யாரோ, "பட்டினி வாந்திப்பா, தண்ணி குடு" என்றார். அன்று ஏழுமலையும் வந்திருந்தான். 'ஆட்டோ ஏழுமலை' என்ற பேரை அழிக்கத்தான் வந்திருந்தான் பாவம். அவன்தான் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு குறுக்குத் தெருவுக்கு ஓடினான். அதே இடத்தில், ஆட்டோவில், டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

டாக்டரம்மா சின்ன வயசுதான். ஒரு பக்கம் சிஸ்டர் கையில் ஊசி ஏற்றிக்கொண்டிருக்க, இவர் என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துக்கொண்டே கேட்டார். "கால் வலி, தலைவலின்னு ஏதாவது மாத்திரை போடறீங்களா? கடையில நீங்களா வாங்கி?"

இடது பக்கம் உங்கள் அம்மா நின்றாள். வலது பக்கம் ஏழுமலை. வாசலில் எங்கள் கோஷ்டி ஆட்கள் இரண்டு பேர், நெற்றியில் விபூதியோடு.

"பழக்கமே இல்லீங்க" என்றேன்.

உங்கள் அம்மா அதோடு விடவில்லை. "அவரு தலைவலிக்குக்கூட மாத்திரை போடமாட்டாருங்க டாக்டர். சாமி பேரைச் சொல்லிக்கினே நடந்துடுவாரு."

"பீடி, சிகரெட், குடி?"

"ஐயோ, அதெல்லாம் கெடையாதுங்க" என்றாள்.

எதிரில் உட்கார்ந்து எழுதுகிறவர்களின் பேனாவைத் தலைகீழாகப் படித்துப் பழகிய கண் எனக்கு. மாத்திரை என்ற இடத்தில், இல்லை என்பதற்கு இங்கிலீஷில் போடும் மூன்று எழுத்தை டாக்டரம்மா எழுதினார். அதை வரி பிசகாமல் பார்த்தேன். 

அன்று எனக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. என் குரூப்பும் ஏழுமலை குரூப்பும் ஒன்று. அவன்தான் கொடுத்தான். கொடுத்துவிட்டுக் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு என் தலைமாட்டில் வந்து நின்றான். "மாமா, இனிமே ஒங்க ஒடம்புல ஓடறது என் ரத்தம். அடுத்த பௌர்ணமிக்குப் பாருங்க, காலு தானா ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போவும்." சிஸ்டர்கூடச் சிரித்துவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். களைப்பு என்று நினைத்தார்கள்.

மறுநாள் எண்டோஸ்கோபி எடுத்தார்கள். பயப்படும்படியான பேர். விஷயம் என்னவென்றால், சுண்டுவிரல் கனத்தில் ஒரு நீளக் குழாய், அதன் நுனியில் விளக்கும் கேமராவும். தொண்டை மரத்துப்போகக் கசப்பாக ஏதோ பீய்ச்சினார்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, பல்லுக்கு நடுவே ஒரு வளையம் கொடுத்து, குழாயை விழுங்கச் சொன்னார்கள். ஓங்கரித்துக்கொண்டே இருந்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. சிஸ்டர் என் கையை விடாமல் பிடித்திருந்தார். ஐந்து நிமிஷம்தான் ஆகியிருக்கும். எனக்குக் கிரிவலம் ஒரு சுற்று போய் வந்த மாதிரி இருந்தது.

இரைப்பையில் இரண்டு புண். ஒன்று சுண்டைக்காய் அளவு, இன்னொன்று நாலணாக் காசு அளவு. ரத்தம் கசிந்த இடத்தில் ஊசி போட்டு நிறுத்தினார்கள். பெரிய புண்ணின் ஓரத்திலிருந்து துளி சதையைக் கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு வெளியூருக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வர ஐந்து நாள் ஆகும் என்றார்கள்.

டாக்டரம்மா உங்கள் அம்மாவிடம் பேசியது எனக்குக் கேட்டது. "இந்த மாதிரிப் புண்ணு பெரும்பாலும் ரெண்டு காரணத்தால வரும்மா. ஒண்ணு வயித்துக்குள்ள ஒரு கிருமி. இன்னொண்ணு வலி மாத்திரை. மாத்திரை போடறதில்லன்னு சொல்றீங்க. கிருமி இருக்கான்னு பாப்போம். அதுவும் இல்லன்னா…" அங்கே நிறுத்தினார். பிறகு, "புண்ணோட ஓரம் எனக்குத் திருப்தியா இல்ல. வேற மாதிரி ஏதாவதுன்னா சென்னைக்கு எழுதித் தரேன். ஆபரேஷன் வரைக்கும் போகலாம்" என்றார்.

அந்த வேற மாதிரியை அம்மா ஒரு தடவைகூடப் பேர் சொல்லவில்லை. 'அது' என்றே சொன்னாள். "அதுவா இருக்காதுங்க" என்பாள், நான் எதுவும் கேட்காதபோதே. ராத்திரி கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்தவள் தூங்கவில்லை என்று வளையல் சத்தத்தில் தெரியும். வேங்கிக்காலில் வீடு கட்ட வாங்கிப் போட்டிருந்த மனையை ஆபரேஷன் செலவுக்கு விற்க, எனக்குத் தெரியாமல் ஆள் பார்த்துப் பேசிவிட்டு வந்தாள். நான் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அந்த ஐந்து நாளும் அவளுக்கு இல்லை.

ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். முதல் நாள் வெட்கம். இரண்டாம் நாள், முதல் நாள் சொன்ன பொய்யின் வெட்கமும் சேர்ந்துகொண்டது. மூன்றாம் நாள் சிஸ்டரிடம் ஒரு தாள் வாங்கி, 'ஐயா, கீழ்க்கண்ட உண்மையைத் தெரிவித்துக்கொள்கிறேன்' என்று மனு மாதிரியே ஆரம்பித்தேன். எத்தனையோ பேருக்கு எழுதின கைக்கு அடுத்த வரி வரவில்லை. தாளை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன்.

எல்லோரும் என்னிடம் அன்பாக இருந்தார்கள், அதுதான் தாங்கவில்லை. சங்கர், நீ உன் ஸ்கூல் வாட்டர் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தாய், நினைவிருக்கிறதா? "படுத்துக்கினே குடிக்கலாம்பா, குழாய் இருக்குது" என்றாய். ஆறின பாலை அதில்தான் குடித்தேன். நீ அந்த வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் குழாயடியில் கையேந்தித் தண்ணீர் குடித்திருக்கிறாய். அது பிறகுதான் தெரிந்தது.

நாலாம் நாள் சாயங்காலம் என் அக்கா, உங்கள் அத்தை பச்சையம்மாள் வந்தாள். கஞ்சியை ஆற்றிக்கொண்டே சொன்னாள். "ஒம் பொண்ணு பண்றதைக் கேட்டியா? அப்பா ரிசல்ட்டு நல்லபடி வர்றவரைக்கும் தெனமும் காலையில மலை சுத்தறேன்னு வேண்டிக்கினா. ரெண்டு நாளா நான்தான் கூடப் போறேன். திரும்பி வர்றவரைக்கும் தண்ணிகூடக் குடிக்க மாட்டேங்குது."

"சின்னப் பொண்ணுக்கா. நீயாவது சொல்லக்கூடாதா?"

"சொன்னா கேக்குதா? உன்னைத்தானே உரிச்சி வெச்சிருக்குது. உன் துணியோட வீட்டுக்கு வந்த விபூதிப் பையை வேற இடுப்புல கட்டிக்கினு, குட்டி பௌர்ணமி ஐயா மாதிரி முன்னால போவுது."

 அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மகேஸ்வரிக்கும் தெரியும். அது கால் வலிக்காமல் இருக்கச் சாமியார் கொடுத்தது என்று அவளுக்குச் சொன்னவனே நான். அந்த இடத்தில் நான் எழுந்து உட்கார்ந்து, அந்தப் பையைப் பிடுங்கு என்று சொல்லியிருக்க வேண்டும். "நாளைக்கு அனுப்பாதேக்கா" என்று மட்டும் சொன்னேன். "வேண்டுதலை நடுவுல நிறுத்தக்கூடாதுடா" என்றாள். மீதிக் கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டேன். மகேஸ்வரி மாத்திரையை எடுத்திருக்க மாட்டாள், கேட்காமல் எதையும் தொடாத பெண் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அந்த ராத்திரியைக் கழித்தேன். நான் செய்ததிலெல்லாம் மோசம் அந்த ஒரு ராத்திரிதான்.

மறுநாள் பத்து மணிக்கு நீ வந்தாய் மகேஸ்வரி. வாசலிலிருந்தே பார்த்தேன். ஒரு கையை வயிற்றில் வைத்து, லேசாகக் கூனிக்கொண்டு வந்தாய். இடுப்பில் பை.

"இன்னாம்மா?"

"ஒண்ணுமில்லப்பா. வயிறு எரியுது."

"வெறும் வயித்துல நடந்தா எரியாம என்ன பண்ணும்?" என்று அம்மா அதட்டினாள்.

நீ என் காதுக்கு அருகில் குனிந்தாய். "அப்பா, சாமி கோவிச்சிக்கிச்சு. குளிக்காம பையைத் தொட்டுட்டேன். காலு ரொம்ப வலிச்சுது. உன் மருந்தை எடுத்துச் சாப்ட்டேன், நேத்து ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணு. நீ சொல்லக்கூடாதுன்னு சொன்னியே, அத்தைகிட்டகூடச் சொல்லல. உன் மருந்து கம்மியாயிடுச்சு. அதனால உனக்கு ஒண்ணும் ஆவாதில்ல?"

கையில் ஊசி இருக்கிறது என்பதையே மறந்து எழுந்தேன். "சிஸ்டர், டாக்டரம்மாவைக் கூப்புடுங்க" என்று கத்தினேன். வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டரம்மா வந்தார். நீ பயந்து அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்து அழுதுகொண்டிருந்தாய், நான் சொன்னது உன் காதில் ஏறவில்லை.

"எம் பொண்ணு மாத்திரை சாப்ட்டுட்டாங்க. என் மாத்திரை. வலி மாத்திரை. நான் ஒங்ககிட்டச் சொன்னது பொய்யிங்க. மூணு வருஷமா போடறேன்."

அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. உன் இடுப்பிலிருந்து பையை அவிழ்த்து உள்ளங்கையில் கொட்டினார். விபூதியோடு சிவப்பும் வெள்ளையுமாக ஏழெட்டு மாத்திரை விழுந்தது. அம்மா அதைப் பார்த்தாள். டாக்டரம்மா உன்னிடம் "எத்தனை, எந்தக் கலர்?" என்று கேட்டு, நாக்கையும் இமையையும் பார்த்து, வயிற்றை அமுக்கிப் பார்த்தார். வெளிக்குக் கறுப்பாகப் போனதா என்று சிஸ்டரை விட்டுத் தனியாகக் கேட்க வைத்தார். உன்னைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போய் ஒரு திரவ மருந்தும் இரண்டு இட்லியும் கொடுத்தார்கள். "ரெண்டு மாத்திரைதானே, சரியாயிடும். இன்னும் நாலு நாள் இப்படி வெறும் வயித்துல போட்டிருந்தா நான் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்" என்றார்.

பிறகு என் கட்டிலுக்கு வந்தார். நான் திட்டுவார் என்று நினைத்தேன். "அஞ்சு நாளா நான் எதைத் தேடிக்கிட்டு இருந்தேன் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். 

அவர் விளக்கினதை அப்படியே எழுதுகிறேன். வயிற்றில் சுரக்கும் அமிலம் சதையையே கரைக்கக்கூடியது. அது நம் வயிற்றையே கரைக்காமல் இருக்க, உள்சுவரில் கோழை மாதிரி ஒரு பூச்சு எப்போதும் ஊறிக்கொண்டிருக்கிறது. உடம்பில் வலியையும் வீக்கத்தையும் கிளப்புகிற ஒரு சரக்கு இருக்கிறது. அந்த வகைச் சரக்குதான் வயிற்றுப் பூச்சையும் ஊற வைக்கிறது. வலி மாத்திரை அது ஊறுவதையே அடக்கிவிடும். முட்டி வலி நிற்கும், வயிற்றுப் பூச்சும் நின்றுவிடும். "சாப்பிட்டுப் போட்டா ஒண்ணும் பண்ணாதா டாக்டர்?" என்று ஏழுமலை கேட்டான். "வெறும் வயித்துக்கு அது தேவலாம். ஆனா முழுக்கக் காப்பாத்தாது. ஊசியாப் போட்டாலும் ரத்தத்துல கலந்து இதே வேலையைத்தான் பண்ணும்" என்றார். என் சிவப்பும் வெள்ளையும் பேர்தான் வேறு, ஒரே ஜாதி மருந்து, சேர்த்துப் போட்டதால் ஆபத்து இன்னும் ஜாஸ்தி என்றும் சொன்னார். வலி மாத்திரை புண்ணின் வலியையும் அமுக்கிவிடுமாம். அதனால்தான் சில பேருக்கு ரத்தமாக வாந்தி எடுக்கிற வரைக்கும் ஒன்றும் தெரிவதில்லை.

மறுநாள் ரிசல்ட் வந்தது. 'அது' இல்லை. கிருமியும் இல்லை. வெறும் மாத்திரைப் புண். மருந்து சாப்பிட்டால் ஆறிவிடும்.

உங்கள் அம்மா அந்தச் செய்தியைக் கேட்டு அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. மனைக்குப் பேசின ஆளுக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள். அதற்குப் பிறகு இரண்டு நாள், கஞ்சி டம்ளரை என் கையில் கொடுக்காமல் பக்கத்து ஸ்டூலில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நிற்பாள். மூன்றாம் நாள் கையில் கொடுத்தாள். "சுடுது, பாத்து" என்றாள். அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த பேச்சு.

ஏழுமலை டிஸ்சார்ஜ் அன்று, என் துணிமணிகளை மடித்துக்கொண்டே ஒன்று சொன்னான். "மாமா, முட்டி வலிக்குதுன்னு ஒரு வார்த்தை அன்னிக்குச் சொல்லியிருந்தா, ரெண்டு பேரும் ஒண்ணா ஆட்டோவுல போயிருப்போமே." அவன் கேலியாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் காதில் இருக்கிறது.

மகேஸ்வரி, அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். "மருந்து பழசாயிடுச்சு, அதான் வயிறு வலிச்சுது" என்று அம்மா உன்னிடம் சொல்லிச் சமாளித்தாள். நானும் தலையாட்டினேன். நீ அதை நம்பவில்லை, சாமி கோபித்ததால்தான் என்று நினைத்தாய் என்று எனக்குத் தெரியும். இன்றைக்கும் விபூதித் தட்டைத் தொடுவதற்கு முன் இரண்டு தரம் கை கழுவுகிறாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். சாமி உன்மேல் கோபிக்கவில்லையம்மா. நீ எதையும் தீட்டாக்கவில்லை. அந்தப் பையில் அழுக்கை வைத்தவன் நான். உன் வயிறு எரிந்தது நான் வாங்கின மாத்திரையால், நான் சொன்ன பொய்யால். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அந்தப் பழியை நீ இறக்கி வைத்துவிடு.

இரண்டு பேரும் இதை நினைவில் வையுங்கள். வலி மாத்திரை எல்லாம் விஷம் என்று நான் சொல்லவில்லை. டாக்டர் பார்த்து, கம்மியான அளவில், சில நாளைக்குக் கொடுத்தால் சாப்பிடுங்கள். எங்கள் அப்பாவுக்கு இப்படி ஆனது என்று அவரிடம் சொல்லுங்கள், வேண்டுமென்றால் வயிற்றைக் காப்பாற்ற இன்னொரு மருந்தும் சேர்த்துத் தருவார். கடையில் நீங்களாக வாங்கி, இரண்டு கலர் சேர்த்துப் போடாதீர்கள். வெளிக்குத் தார் மாதிரிப் போனால் களி தின்றேன், கீரை தின்றேன் என்று கணக்குப் பார்க்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டாக்டர் கேட்டால், பக்கத்தில் யார் நின்றாலும், உள்ளதைச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. இது அம்மாவுக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை காலையில் அம்மா கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். நான் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு மலை சுற்றக் கிளம்பினேன். பௌர்ணமி இல்லை, கூட்டம் இல்லை, கோஷ்டி இல்லை. பை கட்டிக்கொள்ளவில்லை. மாத்திரை இல்லாமல் அந்தப் பாதை எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. ரமணாசிரமம் தாண்டி இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன். அடி அண்ணாமலை வந்தபோது முட்டி வீங்கி வேட்டிக்கு மேலேயே தெரிந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. அந்தக் குறுக்குத் தெருவில் ஒரு ஆட்டோ நின்றது. டிரைவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"பௌர்ணமி ஐயாதானே? யாரையாவது ஏத்திவிடணுங்களா?"

"நான்தான் ஏறணும்ப்பா. முட்டி வலிக்குது. நடக்க முடியல."

 அவர் "ஏறுங்க ஐயா" என்று சொல்லி, நனையாமல் இருக்க என் பக்கத்து ரெக்சின் படுதாவை இறக்கிவிட்டு வண்டியைக் கிளப்பினார். எதிரில் மலை சுற்றுகிறவர்கள் ஐந்தாறு பேர், ஈரத் தலையோடு வந்துகொண்டிருந்தார்கள். அதில் இரண்டு பேர் கலெக்டர் ஆபீஸ் ஆட்கள். எனக்குத் தெரிந்த முகம்தான். நான் கையை நீட்டி, அந்தப் படுதாவைச் சுருட்டி மேலே கம்பியில் செருகினேன். சாரல் முகத்தில் அடித்தது. துடைக்காமல் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்து வந்தேன்.